குளோவரில் பாதிப் பங்கு

றேமண்ட் புது மண்வெட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்த அன்றே ஐறீன் உசாராகிவிட்டாள். காலமெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், ஓய்வு பெற்ற பிறகு படுத்த பாயைக்கூட ஒழுங்காகச் சுருட்டாதவன், மண்வெட்டியோடு வந்தால் சும்மாவா வருவான்?

ஐறீனுக்குச் சந்தேகம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மீன்காரன் தானாக விலையைக் குறைத்தால் மீனை இரண்டு தரம் முகர்ந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால், என்ன உதவி கேட்கப் போகிறார்களோ என்று யோசித்தபடியே சாப்பிட்டு முடிப்பாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இவ்வளவு காலம் யாரிடமும் ஏமாறாமல் இருந்தது இந்தக் குணத்தால்தான் என்பது அவளுடைய நம்பிக்கை. உண்மையில் அவளை ஏமாற்ற யாரும் பெரிதாக முயன்றதும் இல்லை.

றேமண்ட் அவளுடைய கணவன் கிளெமென்றின் தம்பி. மாமனார் அந்தப் பழைய வீட்டை இரண்டு மகன்மாருக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நடுவில் பலகை அடித்து, ஒரு பாதியில் கிளெமென்றின் குடும்பமும் மறுபாதியில் கல்யாணம் கட்டாத றேமண்டும் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. முன்பு அங்கே அடுப்போடு பெரிய குசினி ஒன்று இருந்தது. அது இடிந்து விழுந்ததில் இருந்து செங்கல் தூளும் சுண்ணாம்பும் ஓட்டுத் துண்டுகளுமாகக் கிடந்தது. புல்கூட மனமில்லாமல்தான் முளைத்தது.

அந்த வளவில்தான் ஐறீனின் உயிர் இருந்தது. கிளெமென்ற் தன் பங்கை அவளுக்கு எழுதிவைத்துவிட்டு இறந்த பிறகு, மிஞ்சியது ஒரே மகள் ஷாமிலா. வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் வேலை. ரொஷான் என்ற பையனோடு கல்யாணம் பேசியாகிவிட்டது. ரொஷானின் தாய், மருமகள் வத்தளைக்கு வந்து தங்களோடு இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக் கொடுத்தால் பிள்ளை இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வத்தளைக்குப் போய்விடும். பலகைக்கு இந்தப் பக்கம் ஐறீன் தனியே பாத்திரம் கழுவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

றேமண்ட் மீது பழைய கோபமும் ஒன்று இருந்தது. கிளெமென்றின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவமுன்னம், “அண்ணி, காணி உறுதி பத்திரமா இருக்கா?” என்று கேட்டான். ஈரம் போகாத துக்கத்தில் காணிப் பத்திரத்தைத் தேடுகிற மனிதனை எப்படி நம்புவது? அன்றிலிருந்து பலகையின் இரண்டு பக்கத்திலும் அளந்துதான் பேச்சு. வளவைப் பற்றி அவனிடம் வாய் திறப்பதே ஆபத்து என்று ஐறீன் முடிவு செய்துவிட்டாள்.

மண்வெட்டி வந்த கிழமையே றேமண்ட் வளவைக் கொத்தினான். கல் பொறுக்கினான். ஓட்டுத் துண்டுகளை அள்ளி மூலையில் குவித்தான். பிறகு ஒரு நாள் காலை, நத்தார் பண்டிகைப் பலகாரத்துக்கு ஐறீன் மா அரித்துக்கொண்டிருந்த நேரம், கடுகு மாதிரி ஏதோ ஒரு விதையைக் கை நிறைய அள்ளி வீசினான். குசினி யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஐறீனின் கையில் அரிதட்டு அப்படியே நின்றது.

முளைத்து வந்தது கீரையும் இல்லை, மரக்கறியும் இல்லை. ஒவ்வொரு காம்பிலும் மூன்று மூன்று இலை. வெயில் ஏறினால் றேமண்ட் வலை கட்டி நிழல் போட்டான். பின்னேரம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். ஒரு மாதத்துக்குள் வளவு முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தது போல ஆனது. அவ்வளவு பச்சையை அந்த ஒழுங்கை கண்டதே கிடையாது. வேறு யாராவது வளர்த்திருந்தால் ஐறீன் வாய்விட்டுப் புகழ்ந்திருப்பாள்.

“அதென்னடி சித்தப்பா போட்டிருக்கிறான்?” என்று ஷாமிலாவிடம் கேட்டாள்.

“குளோவர் அம்மா. நுவரெலியாவில அவர்ட பழைய கூட்டாளி ஒருத்தர் விதை குடுத்தவராம்.”

“சாப்பிடுறதா?”

“இல்ல. பசளைக்கு. பூ வரத் தொடங்கினதும் வெட்டி மண்ணுக்குள்ளயே புதைக்கிறது. மண் நல்லா வரும்.”

“வளர்த்துட்டுப் புதைக்கிறதா?”

“ஓம்.”

ஐறீன் மகளின் முகத்தைப் பார்த்தாள். பாமசியில் மருந்துப் பெயர்களைத் தப்பில்லாமல் சொல்லுகிற பிள்ளை, இவ்வளவு பெரிய கதையைக் கேள்வி கேட்காமல் விழுங்கியிருந்தது. தண்ணீர் பில் கட்டி, முதுகு முறியக் கொத்தி, நிழல் போட்டு வளர்த்து, கடைசியில் புதைப்பானாம். எந்தப் பைத்தியம் இதை நம்பும்? பின்னேரங்களில் ஷாமிலா பலகைக்கு அந்தப் பக்கம் போய்ச் சித்தப்பாவோடு குசுகுசுப்பதும், தான் போனால் பேச்சு நிற்பதும் ஐறீனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையின் மனதையும் கரைத்துவிட்டான்.

சனிக்கிழமைகளில் றேமண்ட் பேலியகொடைக்கு மீன் வாங்கப் போவான். மீனும் கொண்டுவருவான்தான். ஆனால் ஒரு மனிதனுக்கு வேண்டிய மீனை வாங்க அவ்வளவு தூரம் எதற்கு? அங்கே ஒருத்தி இருக்கிறாளோ? அவளுக்குப் பிள்ளை குட்டி உண்டோ? ஐறீனின் கற்பனையில் பேலியகொடைக்காரிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வளவில் பங்கு கேட்கவும் தொடங்கிவிட்டார்கள்.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய் ராகுலன் என்ற லோயரைப் பார்த்தாள். நெற்றியில் விபூதியும் மேசையில் மூன்று தொலைபேசியுமாக இருந்த மனிதர். பொதுக் காணியில் ஒருத்தன் தன் பாட்டுக்குப் பயிர் செய்கிறான் என்று மட்டும் சொன்னாள்.

“விளைச்சலை ஆர் எடுக்கிறது?” என்று கேட்டார் அவர்.

“இன்னும் எடுக்கேல்ல.”

“எடுக்கிற நேரம் பாதியைக் கேட்டு வாங்குங்க. வளவில தென்னை நிண்டா தேங்காயில பாதி வாங்குறம்தானே, அதே மாதிரி. பங்கு வாங்காம வருஷக்கணக்கா விட்டா, காணி முழுக்க நான்தான் ஆண்டனான் எண்டு ஒரு நாள் வந்து நிப்பார்.”

வளவில் முன்பு ஒரு தென்னை நின்றதும், காய் பறிக்கும் ஒவ்வொரு முறையும் கிளெமென்ற் இரண்டு குவியல் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டியதும் ஐறீனுக்கு ஞாபகம் வந்தது. தென்னை பட்டுப்போன பிறகு பங்கு பிரிக்க எதுவும் இல்லாமல் போயிருந்தது. இப்போது றேமண்ட் ஏன் புதிதாக ஒன்றைப் போட்டான் என்பது வெளிச்சமாகிவிட்டது. வளவு எதற்கு என்று லோயர் கேட்கவில்லை. கேட்காத மனிதரிடம் மகளின் வீட்டுக் கதையைச் சொல்ல ஐறீனும் விரும்பவில்லை. புதுக்கடையில் சுவருக்கும் காது உண்டு என்று எண்ணினாள்.

திருநீற்றுப் புதனன்று கோயிலிலிருந்து வந்தவள் நெற்றிச் சாம்பலோடே நேரே வளவுக்குப் போனாள். பச்சைக்கு நடுவே அங்கங்கே வெள்ளைப் பூ உருண்டைகள் எட்டிப் பார்த்தன. றேமண்ட் குந்தியிருந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான்.

“வெட்டப் போறியா?”

“ஓம் அண்ணி, வாற கிழமை. விதை வைக்கமுன்னம் வெட்ட வேணும்.”

“அப்ப என்ட பாதி?”

றேமண்ட் நிமிர்ந்து பார்த்தான். “என்ன பாதி?”

“விளைச்சல்ல பாதி.”

“இதில விளைச்சல் எண்டு ஒண்டும் இல்ல அண்ணி. எல்லாம் மண்ணுக்குத்தான் போகும். உங்கட பாதியும் அதுக்குள்ளதான் இருக்கும்.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் வினை. கள்ளம் இல்லாதவன் சிரித்திருக்க மாட்டான் என்று ஐறீனுக்குப் பட்டது. கள்ளம் இருந்தால் சிரிப்பு வந்திருக்காது என்று வேறு யாராவது யோசித்திருக்கக் கூடும். அப்படி யோசிக்கிற வழக்கம் ஐறீனுக்கு இல்லை.

சனிக்கிழமை றேமண்ட் பேலியகொடைக்குப் போன கையோடு காரியத்தில் இறங்கினாள். ஷாமிலா வேலைக்குப் போயிருந்தாள். உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, வளவின் நடுவால் இழுத்து, இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் கட்டினாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த குளோவர் முழுவதையும் இடுப்பு நோக நோக அடியோடு அரிந்தெடுத்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஓர் இலையையும் தொடவில்லை. ஐறீன் சந்தேகக்காரியே தவிரக் கள்ளி இல்லை. வெட்டிய பக்கத்தையும் வெட்டாத பக்கத்தையும் சாட்சிக்காகப் போனில் படம் எடுத்தாள்.

பங்கை எடுத்தாயிற்று. அதை என்ன செய்வது? அடுத்த ஒழுங்கையில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று ஆடு வளர்க்கும் ஸப்வானைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் அள்ளிச் சாக்கில் திணித்தான்.

பின்னேரம் மீன் பையோடு வந்த றேமண்ட், பாதி மொட்டையாகிக் கிடந்த வளவைக் கயிற்றோரமாக நடந்து பார்த்தான். ஐறீன் யன்னலுக்குப் பின்னால் சண்டைக்குத் தயாராக இருந்தாள். சண்டை வரவில்லை. மறுநாள் றேமண்ட் பூசைக்குப் போய் வந்து, தன் பக்கத்தில் மிஞ்சியதை வெட்டி, மண்வெட்டியால் மண்ணுக்குள் புதைத்தான். அவ்வளவு பச்சையும் மண்ணுக்குள் போவதை அவள் கண்ணால் கண்டாள். கண்டும் நம்பவில்லை. என் கண்ணுக்கு முன்னால் நாடகம் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஸப்வான் வாசலில் வந்து நின்றான்.

“என்ன ஆன்ட்டி தந்தீங்க? ரெண்டு ஆட்டுக்கு வகுறு ஊதிட்டு. எண்ணெய் பருக்கி, ராவெல்லாம் நடத்தி, இப்பதான் எழும்பி நிக்குது.”

“எவ்வளவு போட்டாய்?”

“தின்னத் தின்னப் போட்டேன். ஈரத்தோட போட்டது பிழைபோல.”

பிழையைத் தானே ஒப்புக்கொண்டு அவன் போய்விட்டான். ஆனால் ஐறீனுக்கு அதில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. நஞ்சு! மண்ணில் எதையோ கலந்திருக்கிறான். நாளைக்கு வீடு கட்டி, பிள்ளை பெற்று, அந்தக் குழந்தை அந்த மண்ணில் தவழ்ந்தால்? அன்றே புதுக்கடைக்கு ஓடினாள். வளவை இரண்டாகப் பிரித்துத் தன் பாதியைத் தர வேண்டும் என்று றேமண்டுக்கு லோயர் கடிதம் போனது.

கடிதம் கிடைத்த அன்று றேமண்ட் பலகைக் கதவைத் தட்டினான். கோபத்தில் வருவான் என்று எதிர்பார்த்தாள். அவனுடைய முகம் சோர்ந்திருந்தது.

“அண்ணி, இது உங்கட விருப்பமா?”

“என்ட உரிமை.”

“பாதி போதுமா உங்களுக்கு?”

“பாதிதானே என்ட.”

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “சரி. நீங்க கயிறு கட்டின இடத்தாலேயே பிரிப்பம்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் ஐறீனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மனம் மாறமுன்னம் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டாள். நிலஅளவையாளர் வந்தார். புதுக்கடையில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். ஷாமிலாவுக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் அது சித்தப்பாவின் காதுக்குப் போகும், அவன் ஏதாவது சூழ்ச்சி செய்வான். றேமண்டும் சொல்லவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அவன் எப்போதும் புகுந்ததில்லை.

குருத்தோலை ஞாயிறு கழிந்து, மதில் கட்டும் பாஸ் வந்தார். எல்லைக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நூல் பிடித்துவிட்டு, “மெதனின்த நோனா?” என்று சிங்களத்தில் கேட்டார். இங்கிருந்துதான் என்று ஐறீன் தலையாட்டினாள். பின்னேரத்துக்குள் முழங்கால் உயரத்துக்குக் கல் எழும்பிவிட்டது. நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. ஷாமிலா வந்ததும் காட்ட வேண்டும் என்று தேத்தண்ணீருக்குப் பால் காய்ச்சி வைத்துக் காத்திருந்தாள்.

ஷாமிலா வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் வளவு வாசலில் நின்றாள்.

“என்னம்மா இது?”

“உன்ட காணி. இனி ஒருத்தரும் கை வைக்கேலாது. எழுதியாச்சு.”

“பிரிச்சிட்டீங்களா?”

“ஓம்.”

ஷாமிலா படியில் அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஐறீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“முழுக்க இருந்தாத்தான் அம்மா வீடு கட்டலாம். இந்தத் துண்டில கட்டக் கவுன்சில் விடாது. ரொஷான் போய்க் கேட்டுட்டு வந்தவர். ரெண்டும் சேர்ந்தாலே மட்டுமட்டு.”

“அப்ப அவன்ட பாதி…”

“அதைத்தான் எனக்கு எழுதித் தாறன் எண்டு சித்தப்பா சொன்னவர். ஈஸ்டர் முடிய. அவருக்கு வேற ஆர் இருக்கிறாங்க?”

ஐறீன் வளவைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப அந்தக் குளோவர்?”

“ரொஷான்ட அம்மா வந்து வளவைப் பார்த்துட்டுச் சொன்னா, இந்தச் சுண்ணாம்பு மண்ணில ஒரு கொச்சிக்காய்ச் செடியும் வராது, என்ட மகன் மரக்கறித் தோட்டத்துக்குள்ள வளர்ந்தவன் எண்டு. நீங்க அப்ப பின்னேரப் பூசைக்குப் போயிருந்தீங்க. வீட்டுக்குப் பக்கத்தில தோட்டம் வைக்கிற மாதிரி மண்ணைத் திருத்தித் தாறன், பிறகு வந்து பாருங்க எண்டு சித்தப்பா அவவுக்கு வாக்குக் குடுத்தவர். அதுக்குத்தான் அவ்வளவும்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?” என்று கேட்டாள் ஐறீன். “என்னட்ட ஒரு சொல் சொல்லியிருந்தா…”

“நான்தான் சொல்ல வேணாம் எண்டனான். அவர் சும்மா தாறார் எண்டா நீங்க நம்புவீங்களா? ஏன் தாறான், எதுக்குத் தாறான் எண்டு துருவித் துருவிக் கேட்டு, கடைசில அவர் தராமலே விட்டிருப்பார். எழுதி முடிஞ்ச பிறகு சொல்லலாம் எண்டு நினைச்சம்.”

காய்ச்சிய பால் ஆடை கட்டிக் கிடந்தது. ஷாமிலா எழும்பி அறைக்குள் போனாள். ரொஷானோடு தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வத்தளை என்ற சொல் இரண்டு தரம் காதில் விழுந்தது.

ஐறீனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மகள் சொன்னதில் ஒரு சொல்லையாவது பொய்யென்று தள்ள முடியுமா என்று மனம் வழக்கம்போலத் தேடிப் பார்த்தது. முடியவில்லை. உறுதி பத்திரமாக இருக்கிறதா என்று அன்று அவன் கேட்டதுகூட, அண்ணன் பிள்ளையின் காணி என்ற அக்கறையில் கேட்டதாக இருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றியது. இத்தனை வருஷத்தில் அது ஒரு தரமாவது தோன்றியிருக்கலாம். ஒரு விஷயம் மட்டும் இன்னும் கைக்குள் இருந்தது. மதில் முழங்காலுக்கு மேலே போகவில்லை. எழுதியதைத் திருப்பி எழுதலாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கலைந்த தலையோடு, செருப்பும் போடாமல், பலகையைச் சுற்றிக்கொண்டு றேமண்டின் வாசலுக்குப் போனாள். அவன் முன்னறையில் மீன் துண்டுகளுக்கு உப்புப் பிரட்டிக்கொண்டிருந்தான்.

“றேமண்ட், நான் பிழை விட்டுட்டன். பிள்ளை எல்லாம் சொன்னவள். மதிலை உடைப்பம். ரெண்டையும் திருப்பிச் சேர்த்து எழுதுவம். என்ட பாதியை முதல்ல நான் பிள்ளைக்கு எழுதுறன். நீ பிறகு எழுதினாப் போதும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மனதில் இருந்ததை அப்படியே, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. இவன் இப்போது சிரிப்பான், அண்ணி என்பான், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தாள்.

றேமண்ட் சிரிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கதவு நிலையில் நின்று அவளைப் பார்த்தான். தலை முதல் கால் வரை பார்த்தான். அந்தப் பார்வையை ஐறீனுக்கு நன்றாகத் தெரியும்; விலை குறைக்கும் மீன்காரனை அவள் பார்க்கும் பார்வை அது.

“இப்ப என்ன நடந்தது அண்ணி?” என்று மெல்லக் கேட்டான். “லோயர் என்ன சொல்லி அனுப்பினவர்?”

“லோயர் ஒண்டும் சொல்லேல்ல. நானாத்தான் வந்தனான்.”

“எழுதி முடிச்சிட்டு மதிலை உடைக்கச் சொல்லுறீங்க. நாளைக்கு நான் உடைச்சா, றேமண்ட் எல்லையை அழிச்சவன் எண்டு இன்னொரு கடிதம் வரும்.”

“ஐயோ, சத்தியமா இல்ல. என்னை நம்பு.”

“நம்பினனான்தானே,” என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. “நானும் ஆரிட்டயாவது கேட்டுட்டுச் சொல்லுறன். அவசரமா ஒண்டும் செய்யேலாது.”

“ஷாமிலா போயிடுவாள் றேமண்ட்.”

“அதுவும் பிள்ளை சொல்லச் சொன்னதா, நீங்களா சொல்லுறதா?”

உண்மையைத் தவிரச் சொல்ல ஐறீனிடம் வேறு எதுவும் இல்லை. அதையும் சொல்லியாகிவிட்டது. றேமண்ட் கதவை மெதுவாகச் சாத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது என்பதே ஐறீனுக்கு அன்றுதான் தெரியும்.